உங்கள் குடும்பப் பெயர் எது?

வெளிநாட்டு வங்கிப் படிவம் ஒன்றையோ விசா விண்ணப்பம் ஒன்றையோ கையிலெடுத்தால் முதல் இரண்டு கட்டங்களும் பெயருக்குரியவை. ஒன்றில் குடும்பப் பெயர் எழுத வேண்டும். மற்றதில் ஏனைய பெயர்கள். இலங்கை முஸ்லிம் வர்த்தகர் ஒருவருக்கு அந்தப் படிவத்திலேயே மிகக் கஷ்டமான கேள்வி இதுதான். ஆண்டு வருமானத்தைக் கூடக் கணக்காளரிடம் கேட்டு எழுதிவிடலாம். இல்லாத ஒன்றை யாரிடம் கேட்டு எழுதுவது?

ஆம், எம்மில் அநேகருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. மரிக்கார் போன்ற பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் சில குடும்பங்களும், எமது மலாய் சகோதரர்களிற் சிலரும் இதற்கு விதிவிலக்கு. மற்றவர்களுக்கு வாப்பாவின் பெயர் முன்னே, சொந்தப் பெயர் பின்னே, அவ்வளவுதான்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். அப்துல் ரஹ்மான் என்பவரின் மகன் முஹம்மத் ரிஸ்வான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இவர் அப்துல் ரஹ்மான் முஹம்மத் ரிஸ்வான். கடைப் பலகையிலும் காசோலையிலும் ஏ.ஆர்.எம். ரிஸ்வான். இவருடைய தம்பி ஏ.ஆர்.எம். இம்ரான். ரிஸ்வானுக்கு ஒரு மகன் பிறந்தால் அவன் முஹம்மத் ரிஸ்வான் அஹமத். கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்று நினைக்கும் ஒரு லண்டன் வங்கி உத்தியோகத்தரின் கண்ணுக்கு இந்த மூவரும் எப்படித் தெரிவார்கள்? திரு. ரிஸ்வான், திரு. இம்ரான், திரு. அஹமத். ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாத மூன்று பேர். “குடும்ப வியாபாரம்” என்று நாம் சொன்னால் அவர் ஆதாரம் கேட்பதில் தவறென்ன?

முன்னாள் வெளிநாட்டு அமைச்சர் மர்ஹூம் ஏ.சி.எஸ். ஹமீதை எல்லோருக்கும் தெரியும். 1977 முதல் பல ஆண்டுகள் இந்நாட்டின் வெளிநாட்டுக் கொள்கையைச் சுமந்தவர். அவரது முழுப் பெயர் அப்துல் காதர் ஷாஹுல் ஹமீத். ஷாஹுல் ஹமீத் என்பது எமது ஊர்களில் ஒரே பெயராக வைக்கப்படுவது. நாகூரையும் அறிந்தவர்களுக்கு அது விளங்கும். அந்த ஒரு பெயரே இரண்டாக உடைந்து, பாதி முதலெழுத்துக்குள் ஒளிந்துகொண்டு, மீதிப் பாதி உலகறிந்த பெயராகிவிட்டது. முதலெழுத்துப் போடும் எமது பழக்கம் இப்படித்தான் வேலை செய்கிறது.

அரபிகள் படிக்கும் போது

இங்கே பலர் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. எமது பெயர்கள் பெரும்பாலும் அரபுப் பெயர்கள். ஆனால் அவற்றை அடுக்கும் முறை அரபிகளுடையது அல்ல. அரபு வழக்கில் முதலில் வருவது ஆளின் சொந்தப் பெயர். அடுத்து தந்தை, அதற்கடுத்து பாட்டன், கடைசியில் கோத்திரம் அல்லது குடும்பம். சவூதியில் நான்கு பகுதிகளாக எழுதுவது இந்த ஒழுங்கில்தான். எகிப்தில் பலருக்குக் கோத்திரப் பெயர் கிடையாது. தன் பெயர், வாப்பாவின் பெயர், பாட்டனின் பெயர் என்பதோடு நின்றுவிடும். நாமோ வாப்பாவை முன்னே வைத்துவிட்டு எம்மைப் பின்னே வைக்கிறோம். தந்தையின் பெயரை முன்னே போடும் தமிழரின் வழக்கமும், ‘கே’ என்று முடியும் பரம்பரைப் பெயரை முன்னே போடும் சிங்களவரின் வழக்கமும் நிலவும் மண்ணில் நாமும் அப்படியே எழுதி வந்திருக்கிறோம். பெயர் அரபு, வரிசை இலங்கை.

விளைவு என்ன? மேலே சொன்ன ரிஸ்வான் டுபாயிலோ தோஹாவிலோ போய் இறங்கினால், அங்குள்ள உத்தியோகத்தர் அவரது கடவுச்சீட்டை இடமிருந்து தன் பழக்கப்படி படிக்கிறார். ஆளின் பெயர் அப்துல் ரஹ்மான், தகப்பன் பெயர் முஹம்மத், பாட்டன் பெயர் ரிஸ்வான்! வாப்பாவும் மகனும் இடம் மாறிவிட்டார்கள். வளைகுடாவில் வேலை செய்யும் எமது சகோதரர்கள் பலரை அங்கே வாப்பாவின் பெயரால் கூப்பிடுவது இதனாற்தான். கூப்பிடுவதோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். சம்பளக் கணக்கு ஒரு பெயரில், ஊரில் வங்கிக் கணக்கு இன்னொரு பெயரில், காணி உறுதி மூன்றாவது பெயரில் என்று வந்து நிற்கும் போதுதான் சட்டத்தரணியைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. “இவ்விரு பெயர்களும் ஒரே நபரையே குறிக்கும்” என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிக்காத வியாபாரக் குடும்பம் எமது ஊர்களில் அபூர்வம்.

மேற்கு நாட்டவர் எம்மைப் படிக்கும் முறையும் பிழைதான். ஆனால் அந்தப் பிழை தற்செயலாக எமக்குச் சாதகமாக அமைகிறது. கடைசிப் பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்து “மிஸ்டர் ரிஸ்வான்” என்கிறார்கள். ஊரிலும் அவர் ரிஸ்வான்தானே! ஆகவே ஐம்பது வருடங்களாக இதிலுள்ள சிக்கல் எமக்குத் தெரியவே இல்லை. மனைவிக்கு விசா எடுக்கும் போதுதான் தெரிய வருகிறது. நிக்காஹ் ஆனபின்னும் எமது பெண்கள் தமது வாப்பாவின் பெயரையே வைத்திருப்பார்கள். அது எமது மரபு. நல்ல மரபும் கூட. ஆனால் கணவனும் மனைவியும் பிள்ளையும் மூன்று வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு ஒரே மேசையின் முன் நிற்கும் போது, விவாகப் பதிவுச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு கையில் இல்லாவிட்டால் கதை நீளும்.

அப்துல் என்ற ஆள் யார்?

இன்னொரு சங்கடம். அப்துல் ரஹ்மான் என்றால் ரஹ்மானின் அடியான். இதைக் கணினி இரண்டு சொற்களாகப் பார்த்து, ரஹ்மான் என்பதைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் அப்துல் என்பதை மற்றக் கட்டத்திலும் போட்டுவிடுகிறது. பிறகு மின்னஞ்சல் வருகிறது: “அன்புள்ள அப்துல்.” தனியே அப்துல் என்பது அரபியில் ஒரு பெயரே அல்ல, பாதியில் அறுந்த சொல். மறுபாதியோ அல்லாஹ்வின் திருநாமம். மார்க்க விடயத்தை ஆலிம்கள் சொல்லட்டும். வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் இந்தப் பிளவு நட்டமானது. காரணம், ஒரே வங்கியில் ஒரே ஆள் ஒரு தடவை ‘ரஹ்மான், அப்துல்’ என்றும் இன்னொரு தடவை ‘அப்துல் ரஹ்மான்’ என்றும் பதிவானால் அவர் இரண்டு வாடிக்கையாளர். ஆங்கிலத்தில் இரண்டையும் இடைவெளியின்றிச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு.

கடவுச்சீட்டின் அடியிலுள்ள இரண்டு வரிகளை யாரும் படிப்பதில்லை. இயந்திரம் படிப்பதற்காகவே சர்வதேச சிவில் விமான அமைப்பு வகுத்த வரிகள் அவை. ஒரு வரிக்கு 44 எழுத்துக்கள். முதல் வரியில் ஆவண வகைக்கும் நாட்டின் குறியீட்டுக்கும் ஐந்து போக, பெயருக்கு மிஞ்சுவது 39. குடும்பப் பெயருக்கும் ஏனைய பெயர்களுக்கும் நடுவே இரண்டு அம்புக்குறிகள் இருக்கும். வாசகர்கள் இப்போதே தமது கடவுச்சீட்டை எடுத்துப் பார்க்கலாம். அந்த இரண்டு அம்புக்குறிகளுக்கு முன்னால் என்ன இருக்கிறதோ, அதுதான் உலகத்தின் கண்ணில் உங்கள் குடும்பப் பெயர். நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சரி. விமானச் சீட்டையும் அதன்படியே எழுத வேண்டும். சீட்டில் பெயருக்குப் பின்னால் ‘எம்.ஆர்.’ என்று ஒட்டிக்கொண்டிருப்பது உங்கள் முதலெழுத்து அல்ல, மிஸ்டர் என்பதன் சுருக்கம். அதைப் பார்த்துப் பதறியவர்களும் உண்டு.

ஒற்றைச் சொல்லில் பெயர் உள்ளவர்களின் பாடு இன்னும் மோசம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒரேயொரு சொல்லை மட்டும் பெயராகக் கொண்டவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. இந்தியாவிலிருந்து புறப்படவிருந்த பலர் அன்று தடுமாறிப் போயினர். தகப்பன் பெயர் கடவுச்சீட்டின் மறு பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. சுகார்னோ, சுகார்த்தோ என்று ஒற்றைப் பெயரோடு ஜனாதிபதிகளே இருந்த இந்தோனேசியாவும் அதே 2022இல், இனிப் பதிவாகும் பெயர்கள் குறைந்தது இரண்டு சொற்களாவது இருக்க வேண்டும் என விதித்தது.

பணம் தங்கிவிடும் இடங்கள்

இனி வியாபாரத்துக்கு வருவோம். நாணயக் கடிதம் மூலம் நடக்கும் ஏற்றுமதியில், ஆவணங்கள் வங்கிக்கு வந்ததும் அவற்றைப் பரிசீலிக்க 2007 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சர்வதேச விதிகள் (யூ.சீ.பீ. 600) வங்கிக்கு உச்சமாக ஐந்து வேலை நாட்கள் கொடுக்கின்றன. ஆவணங்களிலுள்ள விபரங்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒன்றோடொன்று முரண்படக் கூடாது என்பதே விதி. பொருள் மாறாத சிறிய எழுத்துப் பிழை மன்னிக்கப்படும். ஆனால் நாணயக் கடிதத்தில் ‘முஹம்மத் ரிஸ்வான் அப்துல் ரஹ்மான்’ என்றும் இன்வொய்ஸில் ‘ஏ.ஆர்.எம். ரிஸ்வான்’ என்றும் இருந்தால் அது எழுத்துப் பிழையா, வேறு ஆளா? தீர்மானிப்பவர் எங்கோ இருக்கும் ஒரு வங்கி உத்தியோகத்தர். சந்தேகம் வந்தால் அவர் முரண்பாடு என்று குறித்துவிடுவார். கட்டணமும் தாமதமும் எம்முடையவை. தனி உரிமையாளராகச் சொந்தப் பெயரில் வியாபாரம் செய்பவர்களை விடக் கம்பனி பதிவு செய்தவர்கள் இந்த விடயத்தில் நிம்மதியாக இருப்பதற்குக் காரணம் இதுவே. கம்பனிக்கு வாப்பா இல்லை!

பணம் அனுப்புவதிலும் காலம் மாறிவிட்டது. வங்கிகளுக்கிடையிலான பழைய ஸ்விப்ட் செய்தியில் பெறுநரின் பெயருக்கும் முகவரிக்கும் சேர்த்து நான்கு வரிகள், வரிக்கு 35 எழுத்துக்கள்தான். எமது முழுப் பெயரை எழுதினால் வரி வழிந்துவிடும் என்பதற்காகவே முதலெழுத்துக்கள் வசதியாக இருந்தன. 2025 நவம்பரோடு எல்லை கடந்த கொடுப்பனவுகள் புதிய முறைக்கு மாறிவிட்டன. அதில் பெயருக்கு மட்டுமே 140 எழுத்து வரை இடமுண்டு. முகவரிக்குத் தனி இடம். இனி “இடம் போதவில்லை” என்று சொல்ல முடியாது. பிரித்தானியாவில் 2020 முதல் கணக்கிலக்கத்தோடு பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்துகிறது, ஏறத்தாழப் பொருந்துகிறது, பொருந்தவில்லை என்று பணம் அனுப்புபவருக்கு முன்கூட்டியே சொல்கிறார்கள். யூரோ நாணயம் பாவிக்கும் நாடுகளுக்கு 2025 ஒக்டோபரில் அது வந்துவிட்டது. அங்கு கணக்கு வைத்திருக்கும் எமது பிள்ளைகளுக்கு யாராவது பணம் அனுப்ப முனையும் போது திரையில் “பொருந்தவில்லை” என்று வந்தால், அனுப்புபவர் கையை எடுத்துவிடுவார். கணக்கு சரி, ஆள் சரி, வரிசைதான் வேறு.

இதைவிடப் பாரதூரமானது தடைப் பட்டியல்களோடு ஒப்பிடும் வேலை. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1999இல் 1267ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது முதல் உருவான பட்டியலில், ஒவ்வொருவரின் பெயரும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என இலக்கமிட்டுப் பிரிக்கப்பட்டிருக்கும். அரபுப் பெயர்களின் வரிசையில் மேற்கின் இரண்டு கட்டங்கள் போதாது என்பதை அங்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் வங்கிகளின் மென்பொருள் வரிசையைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. முஹம்மத், அஹமத், அப்துல்லா என்று எது கிடைத்தாலும் மணியடிக்கும். இலங்கையிலும் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின் பின் வங்கிகள் வாடிக்கையாளரின் அடையாளத்தைத் தீர விசாரிக்கக் கடமைப்பட்டுள்ளன. இதில் முஸ்லிம் என்பதற்காகவே குறிவைக்கிறார்கள் என்ற மனத்தாங்கல் எம்மிடையே உண்டு. அது முற்றாக ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மணி அடித்த பின் அதை நிறுத்துவது எது என்று பார்த்தால், முழுப் பெயரும் பிறந்த திகதியும் கடவுச்சீட்டு இலக்கமும்தான். ஏ.ஆர்.எம். என்ற மூன்று எழுத்துக்குள் எத்தனை ஆயிரம் பேரை அடைக்கலாம்! பயந்து பெயரைச் சுருக்குபவர் தன்னையே சந்தேகத்துக்குள் தள்ளிக்கொள்கிறார்.

மற்றவர் பெயரை நாம் படிப்பது

எம்மை மற்றவர்கள் பிழையாகப் படிக்கிறார்கள் என்று குறைகூறும் நாம், மற்றவர்களை எப்படிப் படிக்கிறோம்? பேருவளை சீனன்கோட்டையில் இரத்தினக்கல் வாங்க வரும் சீனரிடமும், ஈவூ சந்தையில் எமக்குச் சாமான் விற்கும் சீனரிடமும் குடும்பப் பெயர் முதலில். வாங் சியாவ்மிங் என்றால் அவர் திரு. வாங். வாங், லீ, ஜாங் ஆகிய மூன்று பெயர்களில் ஒவ்வொன்றையும் தாங்கியவர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால், “ஈவூவில் மிஸ்டர் வாங்கிடம் காசு கொடுத்தேன்” என்பது கொழும்பில் முஹம்மதிடம் கொடுத்தேன் என்பது போன்றதே. அதிலும் ஜாக், லில்லி என்று வெளிநாட்டவருக்காக வைத்துக்கொண்ட ஆங்கிலப் பெயர் வேறு. அது எந்த வங்கிக் கணக்கிலும் இருக்காது. முற்பணம் அனுப்புமுன் கணக்குப் பெயரைச் சீன எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈவூவில் மொழிபெயர்ப்பாளராக வரும் ஹூயி முஸ்லிம்களிற் பலர் ‘மா’ என்ற குடும்பப் பெயரைக் கொண்டவர்கள். முஹம்மத் என்பதன் சுருக்கமாகவே அது வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் மா என்போர் எல்லோரும் முஸ்லிம்கள் அல்லர்.

யப்பானிலும் இதே ஒழுங்குதான். தனகா ஹிரோஷி என்றால் தனகா சான். ஆனால் அவர்கள் மேற்கு நாட்டவருக்காக ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமது பெயரை ஆங்கிலத்தில் தலைகீழாக எழுதி வந்தார்கள். 2020 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அரசாங்க ஆவணங்களில் ஆங்கிலத்திலும் குடும்பப் பெயரே முதலில் வர வேண்டும் என அந்நாட்டு அரசு முடிவு செய்தது. தனியார் நிறுவனங்களுக்கு அது கட்டாயமல்ல. ஆகவே பாவித்த வாகனம் இறக்குமதி செய்யும் எமது சகோதரர்களுக்கு ஒரே ஆளின் பெயர் ஒரு கடிதத்தில் முன்னும் ஒரு கடிதத்தில் பின்னுமாக வரக் கூடும். முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும் சொல்லைத் தேடுங்கள். அதுதான் குடும்பப் பெயர்.

தாய்லாந்துக் காரரோ எமக்கு மிக நெருக்கம். எமது கெவுடா கற்களை வாங்கிச் சூடேற்றிச் செல்வம் சேர்த்த சந்தபுரி வியாபாரிகளுக்குக் குடும்பப் பெயர் என்பது 1913இல் மன்னர் வஜிராவுத் சட்டம் போட்டுக் கொடுத்த ஒன்று. அது கடைசியில் நிற்கும், நீளமாகவும் இருக்கும். ஆனால் பேச்சில் யாரும் பாவிப்பதில்லை. சொந்தப் பெயருக்கு முன் ‘குன்’ சேர்த்தால் மரியாதை. துருக்கியிலும் குடும்பப் பெயர் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. இன்றும் மரியாதைச் சொல்லான ‘பே’ ஒட்டுவது சொந்தப் பெயரோடுதான், மெஹ்மத் பே என்று. மலேசியாவில் மஹதீர் முஹம்மத் அவர்களை முஹம்மத் என்று அழைத்தால் அது அவரது தகப்பனாரை அழைத்ததாகும். ஐரோப்பாவிலேயே ஹங்கேரியர் குடும்பப் பெயரை முன்னே வைப்பவர்கள். ஐஸ்லாந்தில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயரே இல்லை. தகப்பன் பெயரோடு மகன் அல்லது மகள் என்று சேர்த்துவிட்டு, தொலைபேசிப் புத்தகத்தையே சொந்தப் பெயர் வரிசையில் அச்சடித்தவர்கள் அவர்கள். வசதி படைத்த அந்த நாடு தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளாமலேயே உலகத்தோடு வியாபாரம் செய்கிறது. ஆகவே குடும்பப் பெயர் இல்லாதது ஒரு குறை என்று நாம் கூச்சப்படத் தேவையில்லை. ஒரே ஆள் நான்கு விதமாக எழுதப்படுவதுதான் குறை.

வரிசையை விட எழுத்துத்தான் பெரிய வினை என்று சொல்பவர்களும் உண்டு. முஹம்மத் என்பதை ஆங்கிலத்தில் ஓ போட்டும் யூ போட்டும், ஒரு எம்மோடும் இரண்டு எம்மோடும் ஒரே வீட்டிலேயே எழுதுகிறோம். அது உண்மைதான். பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் சிங்களத்திலோ தமிழிலோதான் இருக்கின்றன. அதனால் பிள்ளையின் ஆங்கில எழுத்தைத் தீர்மானிப்பவர் பெற்றோர் அல்லர். பல வருடங்களுக்குப் பின் வரும் மொழிபெயர்ப்பாளர். அவருக்கு வாப்பாவின் கடவுச்சீட்டைக் காட்டுபவர்கள் எத்தனை பேர்? காட்டினால் அவர் அப்படியே எழுதித் தரப் போகிறார். எந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவது என்பதையும் அப்போதே வீட்டில் பேசி முடிவெடுக்கலாம். வாப்பாவின் பெயரையே எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கட்டத்தில் போட்டால் சகோதரர்கள் காகிதத்திலும் சகோதரர்களாக இருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். சொந்தப் பெயரைப் போடுவதே சரி என்போரும் உண்டு. வெளிநாட்டில் பிள்ளையைப் பாட்டன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை அவர்கள் விரும்புவதில்லை.

ஏற்கெனவே வியாபாரத்தில் இருப்பவர்கள் பெயரை மாற்றப் போய் மேலும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடவுச்சீட்டில் இருப்பதை மூலமாக வைத்து, வெளிநாட்டு வங்கிப் படிவம், வியாபாரப் பதிவுச் சான்றிதழ், இன்வொய்ஸ் தலைப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக அதற்கு இணங்கச் செய்வது நடைமுறைக்கு இலகுவானது. விசிட்டிங் கார்டில் ஏ.ஆர்.எம். என்பதை விட்டுவிட்டு முழுப் பெயரையும் போடலாம். யப்பானியர் செய்வது போல், உங்களை எந்தப் பெயரால் அழைக்க வேண்டுமோ அதை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொல்லுங்கள். அச்சகத்தில் இதற்கு மேலதிகக் கட்டணம் கிடையாது.